ஆறடி ரிப்பன்

மேளக்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த கார்த்திகா, குட்டியானை சரக்கு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டாள். வண்டியின் மேல் ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றபடி வந்தது. மூங்கில் சட்டத்தில் சிவப்பு ரோஜாக்களை நெருக்கமாகக் கட்டி, மேலே வளைத்து, கீழே இரண்டு வால்களையும் குறுக்காகப் பிரித்து விட்டிருந்த ரிப்பன். அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் அதைப் பார்க்காதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

பன்னிரண்டு வருடமாக அந்தத் தெருவில் வீட்டைத் தாண்டாத செய்தி, பட்டாசுச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது.

அவள் அப்பா வரதன் கன்டெய்னர் லாரி டிரைவர். விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது சொந்தத்தில் அம்மா ராணிக்கும், கார்த்திகாவுக்கும், மாமா மனோகரனுக்கும் மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைகளில் நசரத்பேட்டை கிடங்குகளுக்குப் பக்கத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், இளவட்ட டிரைவர்களையும் லோடுமேன்களையும் உட்கார வைத்து அந்த நோயைப் பற்றிப் பேசுவார். உறவுக்காரர்களைப் பொறுத்தவரை அது யூனியன் மீட்டிங்.

தை மாதம் கார்த்திகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கௌதமிடம் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் மூன்று தடவை கேட்டிருந்தாள். "பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி நானே போய் சொல்றேம்மா" என்றார். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. கௌதமும் அவன் அம்மா ரேகாவும் பாடியில் உள்ள தங்கள் வீட்டிலிருந்து பதினோரு மணிக்கே வந்து, கூடத்தில் கண்ணாடிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியிலிருந்து பாபு குதித்தான். இருபத்துநாலு வயது லோடுமேன். பின்னாலேயே இருபது பேர்.

"இந்த ரிப்பனப் பத்தி அண்ணாத்தே பேசாத சனிக்கெழமை கெடையாது" என்றான் கார்த்திகாவிடம். கண் சிவந்திருந்தது, முகத்தில் பெருமை. "காலையில இருந்து கட்டினோம்கா. பூந்தமல்லியில ரோஜா மொத்தமும் வாரிகினு வந்துட்டோம்."

உறவுக்காரர்களுக்குத் தெரியாமல் அப்பா இதை வைத்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. அவர்களிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. அதனால் உறவுக்காரர்களிடமும் மறைக்கவில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

மாமா ஓடிவந்தார். "வண்டியிலயே வுடுங்கடா. மாலை போதும்."

அதற்குள் ரேகா வாசலுக்கு வந்துவிட்டாள். ரிப்பனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாங்க இது? ஆஸ்பத்திரியில மாட்டி வைப்பாங்களே, அது மாரி கீது."

"யூனியன் சின்னங்க" என்றார் மாமா.

பாபு மாமாவைப் பார்த்தான், பிறகு கார்த்திகாவை. புரிந்துவிட்டது. ரிப்பனைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

மாமாவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் தேவை. தை மாதம் பத்திரமாக இருக்கும். ஆனால் மேளம் நெஞ்சுக்குள் அடித்ததில் கார்த்திகாவுக்குப் பயமும் துக்கமும் கலந்து, ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் போகிறவளின் பரபரப்பு வந்துவிட்டது.

"யூனியன் இல்ல அத்த. அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்துது. பன்னெண்டு வருஷமா."

மேளம் நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்த சித்திகள் எழுந்தார்கள். ரேகா கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

இனி நிறுத்தினால் பேச வராது என்று கார்த்திகாவுக்குத் தெரிந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். புத்தகத்தில் படித்தது ஆயிரம் இருந்தும் அப்பாவின் பேச்சுதான் வாயில் வந்தது.

"அந்தக் கிருமிக்கு சொந்தமா லாரி கெடையாது அத்த. நம்ம ரத்தத்துல இருக்கற செல்லுக்குள்ள ஏறி, அதோட இன்ஜினை வெச்சுதான் தன்ன மாதிரி ஆயிரம் உண்டாக்கும். தெனம் சாப்பிடற மாத்திரை சாவியப் புடுங்கிடும். உள்ளயே இருக்கும், ஆனா வண்டி நகராது. அப்பாவுக்கு ஒம்போது வருஷமா மெஷினுக்கே அகப்படாத அளவுல இருந்துது. அப்படி இருந்தா புருஷன் பொண்டாட்டிக்குள்ளகூட தொத்தாது."

"அவரு சாப்ட்ட தட்டு?" என்று கேட்டாள் ரேகா.

"நாங்க எல்லாரும் சாப்பிடற தட்டுதான். அதுல தொத்தாது."

"உங்கம்மாவுக்கு?"

"இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருதடவ பாக்கறோம். எனக்கும் இல்ல. பேப்பர் காட்டறேன்."

"பேப்பர நான் கேட்டனா?"

பாபு முன்னால் வந்தான். "எனக்கு கீதுமா" என்றான். தெருவே கேட்டது. "அண்ணாத்தேதான் கைய புடிச்சி டெஸ்ட்டுக்கு இட்டுகினு போனாரு. மாத்திரை சாப்ட்டுகினு கீறேன். டாக்டரக் கேட்டுத்தான் கொழந்த பெத்துகினோம், எட்டு மாசம் ஆவுது. பொண்டாட்டிக்கும் இல்ல, கொழந்தைக்கும் இல்ல. இவனுங்க எல்லாம் ஒறை போடறது எப்டின்னு அவராண்டதான் கத்துகினானுங்க. லாரி கியர் ராடுல மாட்டிக் காட்டுவாரு."

"அதுக்கப்பறம் கியர் போட்டாலே சிரிப்பு வரும்" என்றான் பின்னாலிருந்த ஒருவன். நாலைந்து பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். பெட்டியருகே இருந்த அம்மாவின் உதடுகூட அசைந்தது.

ரேகா சிரிக்கவில்லை. கௌதமை அழைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அவள் பேசுவதும், அவன் தரையைப் பார்த்துக் கேட்பதும் தெரிந்தது. வார்த்தை எதுவும் காதில் விழவில்லை.

"கெடுத்துட்டியே" என்றார் மாமா.

"ரிப்பன எறக்கு பாபு" என்றாள் கார்த்திகா.

மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. பையன்கள் ஆடிய ஆட்டத்தில் தெரு புழுதியானது. நாலு மணிக்கு வரதன் புறப்பட்டார். ரிப்பன் முன்னால் போனது. நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கின. கார்த்திகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கூட்டத்தில் கௌதம் இருக்கிறானா என்று தெருமுனை வரை போய் எட்டிப் பார்த்தாள். புழுதியில் முகங்கள் தெரியவில்லை.

எடுத்த பிறகு வீடு கழுவி விளக்கேற்ற வேண்டும். மற்ற சாவுகளில் முதல் ஆளாக முந்தானையைச் செருகும் சித்திகள் எதிர்வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். படியேறி யாரும் வரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். கார்த்திகா காலி வாளியை எடுத்தாள்.

"தொடப்பம் எங்க கீது?"

நிலைப்படியில் ரேகா நின்றிருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள்.

அம்மா பதறினாள். "ஐயோ, நீங்க செய்யக் கூடாதுங்க. இன்னும் சம்பந்தம் ஆகாத ஊடு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் ரேகா. "தண்ணிய ஊத்து பொண்ணே."

கார்த்திகா ஊற்றினாள். ரேகா பெட்டி இருந்த இடத்திலிருந்து தொடங்கி, மூலை முடுக்கு விடாமல் அழுத்திப் பெருக்கித் தள்ளினாள். தண்ணீர் நிலைப்படி தாண்டி, படியிறங்கி, தெருவின் குறுக்கே ஓடியது. எதிர்வீட்டு வாசலில் நின்ற பெரிய சித்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி நகர்ந்து வழிவிட்டாள்.