"காலி" என்று எழுதியிருந்த டிரம்

அவர் வீட்டில் கடைசியாகப் பேசியது பற்பசையைப் பற்றி. ட்யூபை நடுவில் பிதுக்கக் கூடாது, அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அதற்கு ஒரு நாளும் கட்டுப்பட்டதில்லை.

"மறுபடியும் நடுவுலயே அமுக்கி வச்சிருக்கே."

"உங்களுக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கோங்க. மேல லேபிளும் ஒட்டிக்கோங்க."

அதுதான் கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பாள். தெரியவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தபோது அவள் அச்சகத்தில் ஒரு தண்ணீர் வரி நோட்டீஸுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் எடுத்தாள். பாதியில் விட்டால் எந்த வரி என்பது மறந்துபோகும். அந்த நோட்டீஸில் பிழை இல்லாமல் வெளியே போனது அந்த ஒரு பத்திதான் என்று அச்சக முதலாளி பிற்பாடு சொன்னார்.

அவள் கணவர் வேலை பார்த்தது கதவுக் கைப்பிடிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் முலாம் பூசுகிற தொழிற்சாலையில். அங்கே கழிவுக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பாளர். கிடங்கு என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. இடது பக்கம் பழைய அமிலம், வலது பக்கம் சயனைடு கலந்த கசடு, நடுவில் தரையில் மஞ்சள் கோடு. இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் ஓர் ஆவி கிளம்பும். அதை மூச்சில் வாங்கியவர் இன்னொரு மூச்சுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. அந்தக் கோட்டை வருடத்துக்கு இரண்டு முறை அவரே பெயிண்ட் வாங்கி அடிப்பார். தொழிற்சாலையில் அவருக்கு 'லேபிள்' என்று பட்டப்பெயர். எந்தக் கழிவு, எந்தத் தேதியில் முதல் சொட்டு விழுந்தது, அன்றிலிருந்து தொண்ணூறு நாள் கணக்குப்படி எப்போது லாரி ஏற வேண்டும் என்பதெல்லாம் எழுதி ஒட்டாத டிரம் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை.

அன்று காலை நுழைந்தது. இடது பக்கம் ஓர் அமில டிரம் ஒழுகத் தொடங்கியிருந்தது. டிரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒழுகுவதைப் பார்த்து, வாசலோரம் வெள்ளைப் பெயிண்டில் 'காலி' என்று எழுதி நின்ற டிரம்மை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து அமிலத்தை அதில் ஊற்றினார். அதன் அடியில் நாலு விரற்கடை சயனைடு கசடு இருந்தது. ஊற்றியவர் சுருண்டு விழுந்தார். பொறுப்பாளர் அப்போது கேட்டில் லாரிக்காரருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஓடி வந்தார். முகமூடி அலமாரி நாற்பது அடி தள்ளி இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பத்தடியில் கிடந்தார். இழுத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே தள்ளினார். தான் வெளியே வர இன்னும் இரண்டு எட்டு வைத்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். பொறுப்பாளர் வரவில்லை.

மூன்றாம் வாரம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவளுடைய கொழுந்தன் அப்போது வீட்டில் இருந்தான். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். சட்டம் படித்ததில்லை, ஆனால் யாரோடும் வாதத்துக்கு நிற்பான் என்பதால் சொந்தக்காரர்கள் 'வக்கீல்' என்று கூப்பிடுவார்கள்.

"ஒரு கையெழுத்துதாம்மா. அறிக்கையைப் பாத்தேன்னு," என்றார் மேனேஜர்.

அவள் வாங்கிப் படித்தாள். 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம்: 'கழுவப்படாத டிரம்மைக் காலி எனக் குறித்த, இறந்த பொறுப்பாளரின் கவனக் குறைவு.' பழக்கத்தில் கை பேனாவை எடுத்தது. 'கவனக் குறைவு' என்று இடைவெளி விட்டிருந்ததைச் சேர்த்துக் 'கவனக்குறைவு' ஆக்கினாள். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னம்மா இது?"

"பிழை இருந்துச்சு. திருத்தினேன்."

"கையெழுத்து?"

"அதுக்கு மேல இருக்கிற பிழையை நீங்கதான் திருத்தணும்."

மேனேஜர் உறையை மடியில் வைத்துக்கொண்டார். "அம்மா, உங்களுக்கு வர வேண்டியது எல்லாம் முழுசா வந்துடும். இந்த வரியால அதுல ஒரு குறையும் வராது. நானே பொறுப்பு."

"அப்ப இந்த வரி எதுக்கு?"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதைக் காலியா விட முடியாதும்மா."

"உங்க பேரை எழுதுங்க சார், நிறைஞ்சுடும்," என்றான் கொழுந்தன்.

"நீ சும்மா இரு," என்றாள் அவள். பிறகு மேனேஜரிடம் சொன்னாள்: "அவர் டிரம்ல காலின்னு எழுத மாட்டார்."

அது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் ஒரு காகிதத்தோடு அச்சகத்துக்கே வந்திருந்தார். அபாயகரமான சரக்கு இருந்த டிரம், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், மூன்று முறை கழுவும்வரை அபாயகரமான கழிவுதான் என்று விதி சொல்கிறது. கழுவிய தண்ணீரும் அபாயகரமான கழிவு. அதை ஊற்ற இன்னொரு டிரம் வேண்டும், ஒருநாள் அதையும் கழுவ வேண்டும். இது எங்கே போய் முடியும் என்று விதி எழுதியவர் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது லேபிளுக்கு ஒரு சொல். 'காலி' என்று போடலாமா என்றார். "காலின்னா உள்ள ஒண்ணுமில்லன்னு ஆகும். நீங்க அப்படிச் சொல்ல வரலையே," என்றாள். 'சுத்தம்' என்று போடலாமா என்றார். "சுத்தம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கழுவினதுதான் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க." அன்றிலிருந்து அந்தக் கிடங்கில் டிரம் இரண்டே சாதி. 'கழுவியது', 'கழுவாதது'.

மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எழுத மாட்டார்ங்கிறீங்க. டிரம்ல இருக்கேம்மா."

"அவர் கையெழுத்தா அது?"

"அரையடி பிரஷ்ல பெயிண்டைத் தொட்டு எழுதினது. அதுல என்னம்மா கையெழுத்து? யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்."

புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அவள் மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தாள். அதை மட்டும் மேனேஜர் சரியாகத்தான் சொன்னார். 'லி'யின் சுழி கணவர் போட்டது போலவும் இருந்தது, யார் போட்டது போலவும் இருந்தது.

இறந்தவரின் குடும்பம் விசாரணைக்கு வந்து கேள்வி கேட்கலாம் என்று அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். அடுத்த வாரம் அவளும் கொழுந்தனும் தொழிற்சாலைக் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நீள மேசை, எட்டு நாற்காலி, ஒரு தட்டில் பிஸ்கட். யாரும் எடுக்கவில்லை. கொழுந்தன் மட்டும் இரண்டு எடுத்தான். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எழுதுகிற ஆள். எழுதும்போது முகம் தாளை முட்டும்.

முதலில் ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். குரல் இன்னும் கட்டியிருந்தது.

"காலின்னு போட்டிருந்துச்சு சார். காலின்னா காலிதானே?"

அவள் அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "இதுக்கு முன்னாடி அந்தக் கிடங்குல காலின்னு எழுதின டிரம் பாத்திருக்கீங்களா?"

"இல்லக்கா. அண்ணன் கழுவியதுன்னுதான் ஒட்டுவார். இது என்ன புதுசா இருக்கேன்னு நெனச்சேன்." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போய்க் கேட்டிருக்கலாம். கேட்டா அண்ணன் அரைமணி நேரம் வகுப்பெடுப்பார்க்கா. அமிலம் வேற ஒழுகிட்டே இருந்துச்சு."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "கிடங்குக்குள்ள இருக்கிற எழுத்துக்குப் பொறுப்பாளர்தான் பொறுப்பு. விதியே அதுதான் சார்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எழுதினால் எழுதினதுதான். தாளில் ஏறிவிட்ட வாக்கியத்தை இறக்குவது எவ்வளவு பாடு என்பது அந்த அறையில் அவளைவிட யாருக்கும் தெரியாது.

அடுத்து முலாம் பட்டறை சூப்பர்வைசர். டிரம் எப்போது கிடங்குக்குப் போனது என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டறையில் வேலை பாதியில் நிற்கிறது என்ற எரிச்சல் அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. உட்காரவும் இல்லை.

"இந்த டிரம் கிடங்குக்கு எப்ப போச்சு?" என்றார் அதிகாரி.

"அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு சார். முந்தின நாள் தொட்டி மாத்தினோம். அடியில இருந்த கசடை வழிச்சு இதுல போட்டோம். நடைபாதைல இடைஞ்சலா நின்னுச்சு. காலின்னு எழுதி, கிடங்கு வாசல்ல எறக்கிட்டு வாங்கன்னேன்."

அதிகாரியின் பேனா நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"கசடு இருக்குன்னு தெரியும்?"

"தெரியும் சார். நாங்கதானே போட்டோம்."

"அப்புறம் ஏன் காலின்னு எழுதச் சொன்னீங்க?"

இதென்ன கேள்வி என்பது போல சூப்பர்வைசர் பார்த்தார். "காலி பண்ணுன்னு அர்த்தம் சார். எடத்தைக் காலி பண்ணு, தூக்கிட்டுப் போ. எங்க பட்டறைல எப்பவும் அப்படித்தான். வேண்டாத சாமான் எதுவா இருந்தாலும் காலின்னு எழுதி ஓரமா வைப்போம். போன வாரம் ஒரு உடைஞ்ச நாற்காலியிலகூட எழுதினோம். நாற்காலிக்குள்ள என்ன சார் இருக்கும், காலியாக?"

"யாரும் உக்காரலைன்னா நாற்காலி காலிதான்," என்றான் கொழுந்தன்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"தம்பி."

"யாருக்கு?"

"செத்துப்போனவருக்கு."

சூப்பர்வைசர் ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு மேசைமேல் கிடந்த புகைப்படத்தை. தான் சொன்னது என்ன என்பது அவருக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார், திரும்பவும் பையில் வைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

அதிகாரிக்கு வேறு கவலை. 'காரணம்' கட்டத்துக்கு விதி மூன்று வழிதான் கொடுத்திருந்தது: இயந்திரக் கோளாறு, தொழிலாளர் கவனக்குறைவு, இயற்கைச் சீற்றம். ஒரு சொல்லுக்குப் பட்டறையில் ஓர் அர்த்தம், கிடங்கில் ஓர் அர்த்தம் என்பதற்கு வழி இல்லை. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றையும் அடித்தார். கீழே 'பிற' என்று எழுதினார்.

"நீங்க பிழை திருத்தற வேலைல இருக்கீங்களாமே," என்று அவள் பக்கம் திரும்பினார். "இதை எப்படிம்மா எழுதலாம்?"

ஒரு வாரமாக அவள் அந்த வாக்கியத்தைத்தான் மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்கு ஓர் எழுவாய் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. நிதானமாகச் சொன்னாள்: "சயனைடு கசடு இருந்த டிரம்மில் முலாம் பட்டறையினர் விதிப்படி லேபிள் ஒட்டாமல் 'காலி' என்று எழுதி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்காமல் கிடங்கு வாசலில் இறக்கினர்."

"பட்டறையினர்னு வேண்டாமே," என்றார் மேனேஜர். "'எழுதப்பட்டிருந்தது'ன்னு போட்டா பொதுவா இருக்கும். யார் மனசும் நோகாது."

"எழுதப்பட்டிருந்ததுன்னா யார் எழுதினது?"

"அது... எழுதப்பட்டிருந்தது."

"போன தடவை எங்க வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்ல மட்டும் 'குறித்த பொறுப்பாளர்'னு ஆளைப் போட்டுத்தானே எழுதியிருந்தீங்க? அப்ப யார் மனசும் நோகாதுன்னு நெனச்சீங்களா?"

மேனேஜர் பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"பட்டறையினர்னே போடுங்க சார்," என்றார் சூப்பர்வைசர். மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். "எழுதச் சொன்னது நான்தான்."

அதிகாரி முகத்தைத் தாளில் முட்டிக்கொண்டு எழுதினார். 'கசடு' என்பதை 'கசுடு' என்று எழுதியதை அவள் தலைகீழாகவே பார்த்துச் சொன்னாள். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார். பிறகு அவளாகவே கேட்டாள்: "ஓட்டுநரை வெளிய இழுத்துப் போட்டது எதுலயும் வரலையே?"

"அது காரணத்துல வராதும்மா. 'இதர விவரங்கள்'ல வரும்."

"வரட்டும்."

திருத்திய அறிக்கை ஐந்து வாரம் கழித்துத் தபாலில் வந்தது. இரண்டு முறை படித்தாள். கவனக்குறைவு என்ற சொல் எங்கேயும் இல்லை. இதர விவரங்களில் ஒன்றரை வரி இருந்தது, பிழையில்லாமல். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கொழுந்தன் அதை நகலெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தான்; கேட்காதவர்களுக்கும் கொடுத்தான்.

தொழிற்சாலையில் இப்போது பட்டறைக்காரர்கள் கிடங்குக்கு எதை அனுப்பினாலும் அச்சடித்த லேபிள்தான். அச்சுக்குப் போகும் முன்னால் அதன் பிழை திருத்தவும் அவளிடமே வந்தது. கிடங்குக்குப் புதுப் பொறுப்பாளர் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனால் வாசலில் இருக்கிற நீலப் பலகையில் பெயர் மாற்ற முடியவில்லை. அபாயகரமான கழிவுக்குப் பொறுப்பானவர் மாறினால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் விலகிச் செல்பவரின் கையெழுத்து வேண்டும். மேனேஜர் மூன்று கடிதம் போட்டார். விலகிச் செல்பவர் நேரில் வர இயலாவிட்டால் தகுந்த காரணத்தைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. தெரிவித்திருக்கிறார்கள்.

அச்சகத்துக்குப் போகிற பஸ் அந்த வாசல் வழியாகத்தான் போகும். கழிவுக் கிடங்குப் பொறுப்பாளர் என்பதற்கு எதிரே அவர் பெயர் இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட என்று அதற்குக் கீழே அவர்கள் வீட்டு எண். எண் சரியாகத்தான் இருக்கிறது.