முதலாளி பேரில் நாற்பத்திரண்டு கோப்புகள்

மில்லின் டேட்டாபேஸைக் கிளப்பும் கட்டளையை லோகப்பிரியா ஒன்பதாவது தடவையாக அடித்தாள். திரையும் சளைக்காமல் ஒன்பதாவது தடவையாக அதே பதிலைச் சொன்னது: 'பர்மிஷன் டினைடு.' அனுமதி இல்லையாம்! அவளே உட்கார்ந்து ஏற்றிய டேட்டாபேஸ் அவளையே வாசலில் நிறுத்தினால் எரிச்சல் வருமா, வராதா?

மணி பத்தரை. பன்னிரண்டுக்குப் பவானிக்குப் போகும் லாரி கிளம்பும். நூல் மூட்டைகளில் ஒட்டும் சீட்டுகள் இன்றைக்கு முதல் தடவையாகக் கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோடு சேர்த்து அவளையும் அவள் ஊரான சோமனூருக்கே லாரி ஏற்றிவிடலாம் என்று மேனேஜர் தனபால் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார். அவளுக்கோ இந்த வேலையின் மீது கொள்ளை ஆசை. நாலு மாதமாகச் சோறு தண்ணீர் மறந்து செய்த வேலை.

நேற்று இதே சர்வர் ஜம்மென்று கிளம்பி, ராத்திரி நிறுத்தும்வரை ஓடியது. மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம். பெட்டிக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று கால் மணி நேரம் விவாதம் வேறு. புது மெஷின் எது வந்தாலும் முதல் சுவிட்சை முதலாளி கோவிந்தராஜுலு போட வேண்டும் என்பது அந்த மில்லின் சட்டம். அவர் கைராசி அப்படி.

கோப்புகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்: ரூட், ரூட், ரூட். நாற்பத்திரண்டு கோப்புகள். லோகப்பிரியாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

டேட்டாபேஸுக்கென்று குறைந்த அதிகாரத்தோடு தனிக் கணக்கு ஒன்றை அவள் திறந்து வைத்திருந்தாள். "என்ற மில்லுல நானெதுக்கு அம்மணி சின்னப் பேர்ல உள்ள போவோணும்?" என்று கேட்ட முதலாளி, எந்தக் கதவும் மூடாத 'ரூட்' என்ற அந்தப் பெரிய பெயரில்தான் நுழைந்தார். எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒற்றை விரலால் புது பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டார். அவர் கிளப்பியபோது உண்டான கோப்புகளெல்லாம் அவர் பெயரில் பிறந்தன. இன்று அவற்றைத் தொடச் சின்னக் கணக்குக்கு ஏது தைரியம்?

சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. முதலாளி கைபட்டதால்தான் சர்வர் படுத்துவிட்டது என்று யார் போய்ச் சொல்வது? பாஸ்வேர்டும் அவரிடம்தான். போயே ஆக வேண்டும். போனாள்; முதலாளி அறையில் தனபாலும் இருந்தார்.

"ஏனுங்கய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து நீங்க தொட்டதெல்லாம் உங்க பேருக்கே ஆயிப்போச்சுங்க. சர்வரு தொட மாட்டேங்குதுங்க."

"அப்ப நான் போட்டது ஓடுலியா?" அவர் முகம் சுருங்கியது.

"ஓடுச்சுங்க. உங்களுக்கு மட்டும் ஓடுமுங்க."

"அப்பறமென்ன? தெனமும் ஐயாவே போட்டுட்டாப் போச்சு" என்றார் தனபால்.

தலையாட்டிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். லோகப்பிரியாவால் முடியவில்லை. "வேண்டாமுங்க. ஐயா பேர்ல ஓடுனா, நாளைக்கு அதுக்குள்ள எவன் நொழைஞ்சாலும் ஐயாவோட சாவிக்கொத்து அவன் கையிலீங்க."

கோவிந்தராஜுலுவின் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. எழுந்து கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தார்.

"எல்லாரும் திரும்புங்க."

திரும்பினார்கள். பாஸ்வேர்டு அடித்து முடித்தவர், அவர்களை மறுபடி இந்தப் பக்கம் திரும்பச் சொல்ல மறந்துவிட்டார். கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. லோகப்பிரியா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"சி போடுங்க. அப்பறம் எச்."

"எச்சு எங்கிருக்குது கண்ணு?"

"ஜி-க்குப் பக்கத்துலீங்க."

"ஜி எங்கிருக்குது?"

தனபாலின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்! அதைப் பார்த்து லோகப்பிரியாவுக்கும் தாங்கவில்லை. பதினோரு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு கோப்புகளும் முதலாளி கையாலேயே சின்னக் கணக்கின் பெயருக்கு மாறின.

பிறகு அவள் உட்கார்ந்து, சின்னக் கணக்கில் நுழைந்து, கிளம்பச் சொன்னாள். கிளம்பியது. பிரிண்டர் கர் கர்ரென்று சீட்டுகளைத் துப்பியது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தனபாலே கடைசிச் சீட்டைக் கிழித்துக்கொண்டு லாரிக்கு ஓடினார்.

அடுத்த திங்கட்கிழமை புது நூற்பு மெஷின் வந்தது. இதற்குச் சக்கரம் இருந்தது. எலுமிச்சம்பழம் முறையாக நசுங்கியது. கற்பூரம் காட்டியதும் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்று, சுற்றுமுற்றும் தேடினார்.

"லோகப்பிரியா எங்க? வா அம்மணி, வந்து நீ போடு."

"நானுங்களா? ஐயா, உங்க கைராசி..."

"அட, நான் போட்டா இதும் என்ற பேர்ல ஆயிப்போட்டா? அப்பறம் தெனமும் ஆறு மணி ஷிஃப்டுக்கு நானே வரோணுமே!"

மில்லே சிரித்தது. முப்பது வருஷமாக வேறு யாரும் போடாத முதல் சுவிட்சை லோகப்பிரியா அழுத்தினாள்.