மாதா படத்துக்குப் பின்னால்

...அடுப்பில் போட்டுவிட்டால் முடிந்தது, இரண்டு நிமிஷ வேலை, ஆனால் அது சண்முகத்தாயின் புத்தகமாயிற்றே, மளிகைக்கடைக்காரர் மகள், கூடப் படிக்கிறவள், ஆசையாக என் மகள் பிலோமினாவுக்குப் படிக்கக் கொடுத்தது, சாம்பலையா திருப்பிக் கொடுப்பேன்... ஊசி விரலில் ஏறிவிட்டது. நல்லவேளை, வெள்ளைத் துணியில் ரத்தம் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கப் போகிற பிள்ளையின் கவுன், ஓரம் தைக்க இன்னும் ஒரு முழம் பாக்கி கிடக்கிறது, அதற்குள் இந்தத் தலைவலி. நன்மை வகுப்பு எடுக்கிற உபதேசியார் தேவபிரசாதம் காலையில் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே, நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டார். பிளாரன்ஸ், ஒன் மக மந்திரவாதிக் கதைப் புஸ்தகம் படிக்காளாமே, வகுப்புப் பிள்ளையளே வந்து சொல்லுது, அஞ்சு மணிக்கு வாரேன், எடுத்து வை, முற்றத்துல வச்சி எரிச்சிருவோம், இல்லைன்னா இந்த வருஷம் நன்மைக்கு அவ பேர் இல்லை. சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன், மண்ணாந்தை மாதிரி. வகுப்புப் பிள்ளைகளே வந்து சொல்கிறதாம்... எந்தப் பிள்ளை அது, யார் பெற்றது, பெரிய மனுஷத்தனமாக நாலு பேர் முன்னால் கையைத் தூக்கியிருக்கும். எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

இப்போது மணி என்ன இருக்கும், மூன்றரையா, துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று உப்போடு வருகிறது, ஐப்பசிக் காற்று, சுழன்று சுழன்று அடிக்கிறது, கொழும்புக்குப் போன தோணி வர வேண்டிய நாள் போய் மூன்று நாள் ஆயிற்று. அதில் போன என் வீட்டுக்காரர் ரோச் வந்துவிடுவார். வராமல் எங்கே போவார், காற்று திரும்பும் வரை அங்கேயே கட்டிப் போட்டிருப்பார்கள், போன வருஷமும் இப்படித்தான்... அவர் இருந்தால் உபதேசியாரிடம் சிரித்துப் பேசியே அனுப்பிவிடுவார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு நானே அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அட்டை கிழிந்து போனது. ஒரு தச்சன் மகள், அவளிடம் ஒரு விசிறி, மூன்று வார்த்தை சொல்லி விசிறினால் சுவர் கதவாகிவிடுமாம், மந்திரவாதி அவள் தம்பியை உப்புக்கல்லாக்கி வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருந்தது, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தை வந்த இடத்தில் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணைத் தாண்ட விட்டேன். வாய்க்குள்கூடச் சொல்லவில்லை. சிலுவை போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன்... சுவர் திறந்துகொள்ளும் என்றா? இருபத்தொன்பது வயதுப் பொம்பளை.

கெட்ட புத்தகமா இது? உப்புக்கல்லான மனுஷி நம் வேதத்திலும்தான் இருக்கிறாள். கடல் பிளந்ததும் இருக்கிறது. அது தேவன் செய்தது, இது பிசாசு செய்வது என்பார் உபதேசியார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் முத்துக்குளித்த என் அப்பா அம்புரோஸ் என்ன செய்தார், அவர் பிசாசின் ஆளா? கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, இடுப்பில் செபமாலை, வலது கையில் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஓலை. கடல்கட்டி மந்திரித்துக் கொடுத்த ஓலை. கடைசி முத்துக்குளிப்பு நடந்த வருஷம், எனக்குப் பத்து வயது, கடல்கட்டி கரையில் பட்டினியாக உட்கார்ந்து முணுமுணுத்து, சுறாவின் வாயைக் கட்டினால்தான் எங்கள் ஆட்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அத்தனை பேரும் வேதக்காரர்கள், அத்தனை பேரும் காலையில் பூசை பார்த்தவர்கள். கடல்கட்டியைக் கோயில் சுவாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. சர்க்காரே அவருக்குச் சிப்பியில் பங்கு கொடுத்தது. ஆனால் நன்மை வகுப்பில், யார் வீட்டில் மந்திரக் காரியம் இருக்கிறது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். முதல் ஆளாக. எங்க அப்பா கையில கட்டியிருக்காங்க என்றேன், ஒரு பரிசுப் படம் கொடுப்பார்கள் என்று நினைத்து... கொடுத்தார்கள் வேறு. சிறகு விரித்த சம்மனசு படம்.

அன்று சாயங்காலமே சுவாமியார் கடற்கரைக்கு வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் அப்பா ஓலையை அவிழ்த்தார், கோபமே இல்லை, முகம்தான் எப்படியோ ஆகிவிட்டது, என்னிடம் கொடுத்து, மோளே, இதைக் கடல்ல எறிஞ்சிரு என்றார். ஏன் என்னிடம்? தெரிந்து கொடுத்தாரா, பக்கத்தில் நின்றதால் கொடுத்தாரா, பத்தொன்பது வருஷமாக இந்த ஒன்றைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறேன். நான் எறியவில்லை. தண்ணீரோரம் வரை போனேன், எறிந்தால் கட்டு அவிழ்ந்துவிடுமே, சுறாவெல்லாம் வாயைத் திறந்துவிடுமே என்று பயந்து பாவாடைக்குள் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் அப்பா ஒரே ஒரு முறை இறங்கினார். இறங்கிய வேகத்தில் மேலே வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாராம். சுறா வந்ததா என்று கேட்டார்கள், ஒருவர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. அத்தோடு சரி. அதற்கப்புறம் அவர் கடலில் கால் நனைக்கவில்லை, கரையில் மூட்டை சுமந்தே காலத்தை ஓட்டினார், சுறா கடித்திருந்தா மரியாதையாப் போயிருப்பேன் என்று ஒரு தடவை சொன்னார், ஒரே தடவை. யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

பள்ளிக்கூட மணி. நாலு. இன்னும் ஒரு சாண் ஓரம் பாக்கி. பிலோமினா செருப்பை எங்கோ உதறிவிட்டு வந்து, கவுனைப் பார்க்காமல் நேரே என் மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். விஷயம் பள்ளிக்கூடத்திலேயே காதுக்கு வந்திருக்கும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எரிச்சிருவியாம்மா என்றாள். ஏளா, இந்த மந்திரமெல்லாம் நெசம்னா நெனைக்கே, என்றேன். அவளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இது கதைம்மா. நெசம்னா எனக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?" அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய் கஞ்சியைக் குடிக்கிற சத்தம் கேட்டது, ஊறுகாய் எங்கன இருக்கு என்று கேட்டாள், நான் ஊசியை மறுபடி துணியில் குத்தினேன். மூன்று ராத்திரியாகத் தூங்காதவள் நான்தானே.

உபதேசியார் சொன்னபடி ஐந்துக்கு வந்துவிட்டார், குடையை வாசலில் சாத்தினார். எடுத்து வச்சியாம்மா என்றார். எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்றுதான் எழுந்தேன், ஆண்டவர் சாட்சி, கை புத்தகத்தை நீட்டத்தான் போனது. வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. "இது இன்னொருத்தர் வீட்டுப் பொருள், அவுகளுக்குத் திருப்பிக் கொடுத்திருவேன். எரிக்கதுக்குத் தரமாட்டேன். இது கதைன்னு என் பிள்ளைக்குத் தெரியும்." அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. சுவாமியார்ட்ட நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவேல்ல, அப்ப நீயே சொல்லிக்கோ, அதுவரைக்கும் இவ பேர்ல கோடு போட்டு வைக்கேன் என்றார். போகும்போது திரும்பி, ஏம்மா, பிள்ளைக்குத் தெரியும்கிறே, ஒனக்கு ஏன் கை இப்படி நடுங்குது, என்று கேட்டார். கரிசனமாகத்தான் கேட்டார், நல்ல மனுஷன்.

காற்று என்று சொன்னேன். காற்றும் அடித்தது, ஜன்னல் கதவு படார் என்று மோதியது, தோணி எந்த இடத்தில் இருக்கிறதோ... யோசிக்காமலே கை மேலே போய்விட்டது, சுவரில் மாதா படம், படத்துக்குப் பின்னால் அப்பாவின் மூக்குப்பொடி டப்பா, உள்ளே அன்று நான் எறியாத ஓலை, இருக்கிறதா, இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, ரோச் கடலில் இருக்கிற ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்ப்பது, ஒரு நாளும் திறந்ததில்லை, ஒரு பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தால் என்ன, நாலு தெரு தாண்டினால் கடல், இப்போதே போனால்... அவர் கரையேறட்டும். முதலில் அவர் கரையேறட்டும்.

"தெனமும் அங்கனயே தடவுதியே, அதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

பிலோமினா ஓரம் முடியாத கவுனைத் தோளில் வைத்து அளவு பார்த்தபடி நின்றாள். ஒரே வார்த்தை போதும், அவள் சற்றுமுன் எவ்வளவு லேசாகச் சொன்னாள். கதை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.