அறுபத்தாறுக்கு ஆதாரம்

பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பைலிக்கு எல்லாவற்றுக்கும் வசனம் வேண்டும். கல்யாண மோதிரத்தைக் கழற்றியதற்குக்கூட ஒரு வசனம் வைத்திருந்தான். அக்கா ஏலிக்குட்டி கத்தோலிக்கச் சபையிலேயே இருந்துவிட்டாள்.

அன்று அவர்களுடைய அப்பா தொம்மன் அப்பச்சன் இறந்த நாற்பத்தொன்றாம் நாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லறையில் தனக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கிழவர் கண்ணை மூடினார்.

"செத்தவங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்துல எங்க இருக்கு சேச்சி? காட்டு, வர்றேன்."

அவனைக் கூப்பிட வந்த ஏலிக்குட்டி வெறுங்கையோடு வரவில்லை. தன் பைபிளில், இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைச் சொல்லும் மக்கபேயர் புத்தகத்தைப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது வேதமே இல்ல. என் பைபிள்ல இந்தப் புத்தகம் கிடையாது. மொத்தம் அறுபத்தாறுதான்."

"யாருடா சொன்னது?"

"வேதம்."

"எந்த அதிகாரம்?"

பைலி தன் பைபிளை எடுத்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, கேஸை ஜெயித்தவன்போல விரலை ஊன்றினான்.

"இதோ."

"இது பொருளடக்கம். அச்சாபீஸ்காரன் போட்டது."

"உங்க பைபிள்ல எழுபத்துமூணு புத்தகம்னு மட்டும் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. சபை சொல்லிச்சு, நம்புறோம். வேதத்துல இல்லாததை நம்ப மாட்டேன்னு மைக் வச்சுக் கத்துறது நீதானே?"

பைலி பைபிளைப் பட்டென்று மூடினான். "வர்றேன். நிப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"வாடா, அது போதும்."

சொன்னபடியே கல்லறையருகே உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். பங்குச் சாமியார் அச்சன் மழைக்குப் பயந்து வேகமாக ஓதினார். "எங்கள் சகோதரர் தொம்மனுக்கு நித்திய இளைப்பாறுதலைத் தந்தருளும் ஆண்டவரே."

"ஆமென்!"

கத்தோலிக்கர்கள் முணுமுணுப்பதோடு சரி. இப்படிக் கல்லறை அதிரச் சொல்வது பெந்தெகொஸ்தேக்காரர்கள்தான். அங்கே அப்படி ஒருவன்தான் இருந்தான். எந்த ஜெபம் முடிந்தாலும் முதல் ஆளாகக் கத்திப் பழகிய வாய்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய் தவறிடுச்சு," என்றான் பைலி.

"தெரியும்டா." ஏலிக்குட்டி அழுதுகொண்டிருந்தாள்.

அச்சன் அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். அது நீளமானது. வாயை மூடிக்கொள்ளப் பைலிக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நடுவே அப்பச்சனின் பெயர் வந்தபோது குனிந்து கல்லறையைப் பார்த்தான். ஜெபம் முடிந்ததும், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாக "ஆமென்" என்றான்.