அம்மா இடித்த பொடி

அமெரிக்கச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்னில், அமெரிக்கப் படைமுகாமுக்குப் பக்கத்தில் இர்வின் நடத்திய உணவகத்தில் பரிமாறப் போன பிறகுதான் எனக்கு இது விளங்கியது. டெக்சஸ்காரனின் சில்லி என்கிற இறைச்சிக் கறியில் ஒரு போஞ்சி விதை கிடந்தால் கோப்பை திரும்பி வரும். கரோலினாக்காரனுக்குப் பன்றி இறைச்சியில் வினாகிரி தூக்கலாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் சண்டை. சொதியில் புளி விடுவதா தேசிக்காய் விடுவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

இர்வின் நியூ ஒர்லியன்ஸ்காரர். படையில் வந்து, ஜெர்மன்காரியைக் கட்டி இங்கேயே நின்றுவிட்டவர். அவருடைய ஊர்ச் சாப்பாடு கம்போ. இறால், நண்டு, சொசேஜ் எல்லாம் ஒரே பானைக்குள் போகும். சமையலுக்கு வந்த மன்னார் அன்ரனிற்றா அக்கா முதல் நாளே பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கட ஒடியல் கூழ்தானே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவரைவிட நன்றாகக் கம்போ காய்ச்ச அந்த நகரத்தில் ஆள் இல்லை. ஒரே குறை, துப்புரவுப் பைத்தியம். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்னமே கோப்பையைப் பறித்துக் கழுவுகிற மனுசி.

கடைக் கம்போவை வெண்டிக்காய் தடிப்பாக்கும். இர்வினின் கோப்பைக்கு மட்டும் ஒரு பச்சைப் பொடி. அவருடைய அம்மா பின்வளவு மரத்து இலையை உலர்த்தி, இடித்து, வருடா வருடம் அனுப்புவது. மேசையில் இருந்து தன் கையாலேயே தூவிக்கொள்வார். வேறு யாரும் தொட்டதில்லை.

2005இல் அந்த ஊரை வெள்ளம் கொண்டுபோனது. அம்மா போனார், வீடு போனது, மரமும் போனது. அடக்கத்துக்குப் போய்ச்சேர இர்வினுக்கு வழி கிடைக்கவில்லை. மிஞ்சியது அலுமாரியில் அரைப் போத்தல் பொடி மட்டும். அதற்குப் பிறகு அவர் கம்போவே சாப்பிடவில்லை.

முப்பத்தோராம் நாளை எண்ணியது அக்காதான். செத்த மனுசிக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்காமல் விடுவதா என்று கேட்டார். கடை பூட்டியிருந்த திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். அக்கா பொடியைப் பானையில் கொட்டுவதைப் பார்த்து, உதைக் கொதிக்க விடலாமோ என்று கேட்டேன்.

"கூழுக்குக் கரைக்கிற ஒடியல் மா மாதிரித்தான் பிறேமா. கொதிச்சாத்தான் பச்சை மணம் போகும். அந்த மனுசிக்கு வைக்கிறதில மிச்சம் பிடிக்கக் கூடாது, முழுக்கப் போடுறன்."

மெழுகுதிரி கொளுத்தி, மேசையில் கோப்பையை வைத்துவிட்டு இர்வினைக் கூப்பிட்டோம். அவர் கரண்டியைத் தூக்கினார். கம்போ கோந்து மாதிரி நூல் நூலாகக் கூடவே வந்தது. அந்தப் பொடியை அடுப்பால் இறக்கின பிறகுதான் போட வேண்டும், கொதித்தால் இப்படித்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அக்காவின் முகம் செத்துப்போனது. இர்வின் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பசையை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது.

பிறகு போத்தலைக் கேட்டார். சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பளபளவென்று அக்கா கொண்டுவந்து கொடுத்தார். இர்வின் மூடியைத் திறந்து மூக்கில் பிடித்தார். பிடித்தபடியே இன்னொரு தடவை மூச்சை இழுத்தார். காலையில் கடை திறக்க முன்னம் இப்படித் திறந்து மணந்துவிட்டுத்தான் வேலை தொடங்குவதாகச் சொன்னார். அக்காவுக்கு நன்றி சொல்லி, மூடியைத் திருகி, அலுமாரியில் அதே தட்டில் திரும்ப வைத்தார்.

பஸ்ஸில் எங்கள் தரிப்பிடம் வந்தபோது அக்கா சொன்னார்.

"கொதிக்க வைச்சதைக்கூட விடு பிறேமா. போத்தலையாவது கழுவாமல் விட்டிருக்கலாம்."