மாமிட சுறா வறை

நான் வாய்க்காரிதான். நிந்தவூர்ல எங்கட ரோட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஹிமாயாட வாய்க்கு முன்னால நிக்கேலாதெண்டு. அப்பிடிப்பட்ட நான் பேசவேண்டிய இடத்துல பேசாம இருந்தன். அதாலதான் இவ்வளவும் வந்தது.

மகள் பிறந்து பன்னெண்டாம் நாள் சுஜித்தா மிஸ் ஸ்கூட்டியில வந்தா. எங்கட பகுதிக்கு மிட்வைப் அவதான். கொண்டுவந்த தூக்குத் தராசுல பிள்ளையைப் போட்டுப் பாத்தா. பிறக்கக்குள்ள ரெண்டு கிலோ எழுநூறு இருந்த பிள்ளை, ரெண்டு கிலோ ஐநூறுல நிண்டுச்சு.

"பிறந்த நிறைக்கே இன்னும் வரல்ல தங்கச்சி" எண்டா. "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுங்க. நித்திரை கொண்டாலும் எழுப்பிக் குடுங்க. நான் அடிக்கடி வந்து நிறுத்துப் பாப்பன். ஏறாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேணும்."

அந்த நேரம் பாத்து மாமி வந்து இறங்கினா. என்ட மாப்பிள்ளை பஸால்ட உம்மா, பேர் றபீக்கா. பாலமுனையில இருந்து பஸ் ஏறி, டிபன் கரியரைத் துணியால சுத்தி மடியில வச்சுக்கொண்டு வந்திருந்தா. பிள்ளைட நிறையைக் கேட்டவுடனே மூடியைத் தொறந்தா. சுறா வறை. அவிச்சு உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு வறுத்தது. வாசம் வீட்டையே தூக்கிச்சு.

"சுறாத் திண்டாத்தான் பால் ஊறும். ஏழு பெத்தன். ஏழுக்கும் நாப்பது நாளும் இதான்" எண்டா மாமி.

சுஜித்தா மிஸ் பொறுமையாத்தான் சொன்னா. "சுறா வேணாம் அம்மா. சுறா, தளபத்து, கொப்பரா எல்லாம் மத்த மீனைத் திண்டு வளருற பெரிய மீன். திண்ட மீன்ல கிடக்கிற பாதரசமெல்லாம் அதுட உடம்புல சேந்திரும். தாய் திண்டாப் பாலுக்குள்ளாலயும் பிள்ளைக்குப் போகும். வயித்துல இருக்கிற பிள்ளைக்கெண்டா இன்னும் மோசம், மூளை நரம்பைத் தாக்கும். அவிச்சாலும் பொரிச்சாலும் போகாது. நான் மீனை விடச் சொல்லல்ல. சூடை, கீரி, நெத்தலி எண்டு சின்ன மீனாக் கிழமையில ரெண்டு மூண்டு தரம் குடுங்க. அது பிள்ளைக்கு நல்லது."

"பிள்ளை பெத்தவளுக்கு மலிவுச் சூடையா?" மாமிக்குச் சிரிப்பு வந்திட்டு. "ஊர் காறித் துப்பும். என்ட மகன் ஆழ்கடலுக்குப் போறவன்."

மிஸ் போன கையோட நான் வாயைத் தொறந்தன். பக்கத்துல இருந்த என்ட உம்மா தொடையில கிள்ளின கிள்ளுல கண்ணுல தண்ணி வந்திட்டு. "மருமகன்ட உம்மா. முகத்தை முறிச்சுப் போடாத. வாங்கி வை, மத்ததை நான் பாக்கன்" எண்டு காதுக்குள்ள சொன்னா. பஸாலும் கடல்ல. போட் கரைக்கு வர இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கிடக்கு. சரியெண்டு நானும் வாயை மூடினன்.

பதினாறு நாள் மாமி வந்தா. ஒரு நாள் தவறல்ல. முழங்கால் வருத்தத்தோட பஸ் ஏறி, பகல் பன்னெண்டுக்கெல்லாம் வந்து, சோத்தோட வறையையும் போட்டு எனக்கு முன்னால வைப்பா. "பால் குடுத்திட்டுத் திங்கன் மாமி" எண்டுவன். பள்ளியில ளுஹருக்கு, பகல் தொழுகைக்கு, பாங்கு சொல்லும். மாமி கை கால் கழுவி வுழு எடுத்துத் தொழுகைக்கு நிப்பா. அவ நெத்தி நிலத்துல பட சுஜூதுக்குப் போனவுடனே உம்மா பிளேட்டை மாத்திருவா. வறையில கொஞ்சம் உம்மா திம்பா, மிச்சம் பூனைக்கு. எனக்கு உம்மா ஆக்கின சோறு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூடைச் சொதி. மாமி தொழுது முடிச்சு சலாம் குடுத்துத் திரும்பக்குள்ள நான் வெறும் பிளேட்டுக்கு முன்னால கையைச் சூப்பிக்கொண்டு இருப்பன். "மாஷா அல்லாஹ்" எண்டு என்ட தலையைத் தடவுவா. அந்த நேரம் எனக்கு வெக்கமாத்தான் இருக்கும். ஆனாப் பேசல்ல.

ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு மிஸ் சொன்னதை மட்டும் நான் விடல்ல. கண் எரியும், முதுகு விண்விண்ணெண்டும். பிள்ளைட காலைச் சுரண்டி எழுப்பிக் குடுப்பன். இருபத்தெட்டாம் நாள் தராசு மூண்டு கிலோ நூறு காட்டிச்சு.

மாமி கையைத் தட்டினா. "பாத்தீங்களா மிஸ்? நீங்க வேணாமெண்ட சுறா! இப்ப என்ன சொல்றீங்க?"

சுஜித்தா மிஸ் என்ட முகத்தைப் பாத்தா. நான் பிள்ளைட சட்டை ஊசியைச் சரிபண்ற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டன். அடுத்த நாள்ல இருந்து மாமி வரல்ல. இனிப் பால் ஊறிட்டு எண்டு நிப்பாட்டிட்டாவாக்கும், தப்பினன்டா ரப்பே எண்டு நான் மூச்சு விட்டன்.

நாப்பதாம் நாள் எங்கட வீட்டுல பொம்புளைகள் கூடியிருந்தாங்க. மாமி நடுப்பாயில இருந்தா, பக்கத்துல அவட கடைசி மகள் நுஸ்ஹா, ஏழு மாசத்து வயிறோட.

"இந்தப் பிள்ளையைத் தூக்கி விட்டது என்ட சுறாதான்" எண்டு மாமி எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. "கண்ணால கண்ட பிறகு ஏன் பிள்ளை பிறக்குமட்டும் காத்திருக்கிற? பன்னெண்டு நாளா நுஸ்ஹாக்கும் குடுத்துக்கொண்டு வாறன். ரெண்டு நேரமும்."

வயித்துல இருக்கிற பிள்ளைக்கெண்டா இன்னும் மோசமெண்டு மிஸ் சொன்னது மாமிட காதுலயும்தான் விழுந்தது. அதை அழிச்சது என்ட வெறும் பிளேட். நான் எழும்பினன். உம்மா என்ட சட்டையைப் புடிச்சு இழுத்தா. கையைத் தட்டி விட்டன்.

"மாமி, உங்கட சுறாவுல நான் ஒரு துண்டும் திங்கல்ல. நீங்க தொழக்குள்ள பிளேட்டை மாத்தினம். பிள்ளை ஏறினது அடிக்கடி பால் குடுத்ததால. நுஸ்ஹாக்கு அதைக் குடுக்காதீங்க."

மாமிட முகம் சுருங்கிப் போச்சு. முந்தானையைத் தலையில போட்டுக்கொண்டு எழும்பினா. நுஸ்ஹாவும் பின்னாலயே போயிட்டா. பத்துப் பேருக்கு முன்னால அந்த மனுஷியை அவமானப்படுத்திட்டனே எண்டு நான் அழுதன். ஆனாச் சொன்னதுக்கு அழல்ல, சொல்லப் பிந்தினதுக்கு அழுதன்.

"நாலு நாள் போகட்டும், கோபம் ஆறட்டும்" எண்டா உம்மா.

"அதுமட்டும் நுஸ்ஹா சுறாத் திண்டுக்கொண்டு இருக்கிறதா? உங்கட கதையைக் கேட்டு நான் பட்டது போதும்மா."

விடிஞ்சவுடனே மிஸ்ஸுக்குக் கோல் எடுத்துக் கதைச்சன். மீன் சைக்கிள்ல ஒரு கிலோ சூடை வாங்கினன். ஒரு கையில பிள்ளை, மத்தக் கையில மீன் பையோட பாலமுனைக்கு பஸ் ஏறினன். பக்கத்துல இருந்தவ மூக்கைப் பொத்தினா. பொத்தட்டும்.

மாமி குசினியில இருந்தா. அடுப்புல சுறா அவிஞ்சுக்கொண்டிருந்திச்சு, நுஸ்ஹா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மாமி பேத்தியை மட்டும் கைநீட்டி வாங்கினா. நான் நிலத்துல குந்தி சூடையைக் கழுவத் தொடங்கினன்.

"பதினாறு நாள்" எண்டா மாமி, என்னைப் பாக்காம. "நான் அல்லாஹ்வுக்கு முன்னால நிண்ட நேரத்துல இவ என்னை ஏமாத்தியிருக்கா."

"ஓம் மாமி. அது பெரிய பிழை. மாப்புத் தாங்க. ஆனாச் சுறாத் திங்காததுக்கு நான் மாப்புக் கேக்க மாட்டன்."

மாமி பேத்திட காலைத் தடவிக்கொண்டு இருந்தா. பிறகு குரல் இறங்கிச்சு. "பன்னெண்டு நாள் குடுத்திட்டனே புள்ள. நுஸ்ஹாட பிள்ளைக்கு ஏதும்..."

"மிஸ்ஸிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன். இண்டையோட நிப்பாட்டட்டாம், பயப்படத் தேவையில்லையாம். நாளைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

மாமி பிள்ளையை நுஸ்ஹாட்டக் குடுத்திட்டு, சுறாச் சட்டியை இறக்கி மூடினா. "உன்ட மாமா திங்கட்டும். அவர் பிள்ளை பெறப் போறதில்ல" எண்டா. பிறகு என்னைத் தள்ளி இருக்கச் சொல்லி, நான் பத்து மீன் கழுவின நேரத்துல மிச்சம் அவ்வளவையும் கழுவி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிச்சா. நுஸ்ஹாக்கு ஒரு பிளேட், எனக்கு ஒரு பிளேட்.

அந்த நேரம் பாத்து மகள் சிணுங்கினா. பழக்க தோஷம், "பால் குடுத்திட்டுத் திங்கன் மாமி" எண்டு என்ட வாயில வந்திட்டு.

"அந்தக் கதை இனி என்னட்ட வேணாம்." மாமி சூடையைப் பிச்சு முள்ளை எடுத்தா, சோத்தோட உருட்டி என்ட முகத்துக்கு நேரா நீட்டினா. "வாயைத் தொற. என்ட கண்ணுக்கு முன்னால திண்டு காட்டு."

பள்ளியில ளுஹருக்கு பாங்கு சொல்லிச்சு. மாமி எழும்பல்ல.

"நீ விழுங்கு" எண்டா. "பிறகுதான் தொழப் போவன்."