சுரண்டிய முகம்

பழைய மோட்டார் பட்டறை ஒன்றை இருவரும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒரு மூலையில் அவன் களிமண் குழைப்பான், சிற்பி. எதிர்மூலையில் அவள் படம் வரைவாள். நடுவில் தடுப்பு வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை. அவன் செய்ததெல்லாம் அவள் தலை, அவள் தோள், அவள் கை. அவள் தீட்டியதெல்லாம் அவன்தான்.

நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "இங்க வந்தா எங்க மூஞ்சியப் பார்க்கக்கூட ஆளில்லப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போன ஒருவன், பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது உறைக்கவும் இல்லை.

ஒருமுறை ஒரு நாட்டியக்காரியை உட்கார வைத்து அவன் சிலை செய்தான். மண் ஈரம் காயுமுன் ஓவியக்காரி அதைத் தரையில் தள்ளி மிதித்தாள். அவன் கோபப்படவில்லை. மண்ணை வாரி வாளியில் போட்டபடி, "என்னை இவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டான். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சந்தோஷத்தில்தான் அழுதார்கள்.

அக்கா வீட்டில் இருந்த அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது, அவள் தினமும் அங்கே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவை வரைந்தாள்.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடுடி. இப்பவாச்சும் அழகா இருந்துட்டுப் போறேன்" என்பாள் அம்மா.

சில நாள் சிற்பியும் கூட வந்து கதவில் சாய்ந்து நிற்பான்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். படத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மகள் அதன் முன்னாலேயே பழியாய்க் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அம்மாவின் கன்னத்தில் இன்னும் ஒரு பூச்சு, கண்ணோரம் இன்னும் ஒரு கோடு.

ஒரு பகல் வண்ணம் வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அவன் சுரண்டும் கத்தியோடு நின்றிருந்தான். படத்தில் தலையணை, போர்வை, கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடத்தில் வெறும் துணி.

"என்ன பண்ணிட்டே?"

"நீ என்னைப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"அது எங்கம்மா."

"தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன். கை கேக்கல."

மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். "பீடை விட்டுச்சு" என்றாள் அக்கா. எங்கே விட்டது? தெருவில் யார் இருமினாலும் அவன்தானோ என்று இவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

மழை ஓய்ந்த சமயம் அவன் வந்தான். கன்னம் ஒட்டிப்போய், கையில் பழைய போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்றோடு. அக்கா வாசலை மறித்தாள்.

"உள்ள வரலக்கா. குடுத்துட்டுப் போயிடறேன்."

அக்கா போர்வையைப் பிரித்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சுட்ட மண்ணில் அம்மாவின் தலை. சிரிப்பை அடக்கும்போது அம்மாவுக்கு வாய் ஒரு பக்கமாக இழுக்கும். ஓவியக்காரி எத்தனையோ முறை முயன்றும் படத்தில் பிடிபடாத அந்த இழுப்பு, இதில் அப்படியே இருந்தது. கதவில் சாய்ந்து நின்றவன் தன்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள்.

"நான் வந்தா, அடுத்து எதைச் சுரண்டுவே?" என்று வாசலுக்கு வந்து கேட்டாள்.

அவன் யோசித்துத்தான் சொன்னான். "தெரியல. நீ எதை மிதிப்பே?"

அவளுக்கும் தெரியவில்லை.

"அப்ப போயிடு" என்றாள். சொல்லும்போதே அவன் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்துவிட்டுப் படியிறங்கினான்.

பட்டறையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று பிற்பாடு காதில் விழுந்தது. அவள் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். படங்கள் நல்லபடியாகப் போகின்றன. பெயரும் இருக்கிறது. அம்மாவின் தலை அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

"நீயே எடுத்துட்டுப் போயேன்டி" என்று அக்கா அவ்வப்போது சொல்வாள்.

"வேணாம்க்கா. இங்கயே இருக்கட்டும். அது அங்க வந்தா நான் வேற எதையும் பார்க்க மாட்டேன்."